ஈசானிய மூலையில் ஒரு பட்டினிப் பாத்தி

‘ஆடி மாதக் கடைசி ஞாயிறு, 2007. மாடம்பாக்கம். நல்ல வெயில். மழைமானியில் ஒன்றுமில்லை. வடகிழக்குப் பாத்தியைப் பூனை பறித்துப் போட்டிருக்கிறது. மண்ணைத் தள்ளி மூடினேன்.’

என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. அலுவலகத்தில் வருடா வருடம் கொடுக்கும் டைரியில் தேதி, வானிலை, கண்ணில் பட்டது என்ற வரிசையில் நாலைந்து வரி எழுதிவைப்பது என் பழக்கம். பூனை ஏன் பறித்தது என்று அதில் இல்லை. அன்று அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. வாரம் முழுக்க மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை நிலையம்வரை போய் வந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் மண்வெட்டியோடு நிற்கிறவனுக்குப் பூனையைப் பற்றி யோசிக்கத் தெம்பு இருக்காது.

அந்தப் பாத்திகள் என் மனைவியின் ஆராய்ச்சிக்காகப் போட்டவை. அவள் ஒரு கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கும் வயதில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். எங்கள் பக்கத்து ஏரிகளில் ஆகாயத்தாமரை மண்டி, தண்ணீர் இருக்கும் இடமே தெரியாமல் கிடந்தது. அதை அள்ளிச் சாணக் கரைசல் தெளித்து மக்கவைத்து, புறநகரின் செத்த மண்ணுக்குப் போட்டால் மண் தேறுமா என்பது அவள் எடுத்துக்கொண்ட விஷயம். செத்த மண் என்றால் அப்படியொரு மண். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் செங்கல் துண்டு, அதற்குக் கீழே சிமெண்ட் கட்டி, அதற்கும் கீழே பால் கவர். நெல் விளைந்த நிலம் என்று அதன் சொந்தக்காரர் சொன்னதால்தான் நம்பினோம்.

உரம் போட்டால் அந்தப் பருவத்தில் செடி நன்றாக வரும். அதைச் சொல்வதற்கு யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. அவள் திட்டம் வேறு. பன்னிரண்டு பாத்தி, எல்லாவற்றிலும் வெண்டை. எட்டுக்கு இரண்டு ஆண்டுகள் உரம் போடுவது. அந்த எட்டில் பாதிக்கு, ஆகாயத்தாமரைத் தண்டையே காயவைத்துப் பின்னிய பாயை மேலே விரித்து மண்ணை மூடுவது. மீதி நான்கு பாத்திகளுக்கு எதுவுமே போடக் கூடாது, தண்ணீர் மட்டும். மூன்றாம் ஆண்டில் எந்தப் பாத்திக்கும் எதுவும் கிடையாது. அப்படி நிறுத்திய பிறகும் எட்டும் நான்கை விட நன்றாக இருந்தால், செடி மட்டும் தின்று தீர்க்கவில்லை, மண்ணே மாறியிருக்கிறது என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் மூன்று வருடம். அதைச் சொல்ல அந்த நான்கு வெறும் பாத்திகளும் கடைசிவரை வெறுமையாக இருக்க வேண்டும்.

நிலம் கிடைத்தது 2005 தொடக்கத்தில். மாடம்பாக்கத்தில் கோயிலுக்குப் போகும் வழியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலியிடம். அவர்களுடையது அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். வீட்டுக்காரர் வீட்டோடு ஒட்டிய கடையில் செங்கல், ஜல்லி, மணல் வியாபாரம் பார்த்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார். வாடகை வேண்டாம் என்றார். எனக்குச் சந்தேகமாக இருந்தது.

“சந்தேகப்படாதீங்க சார்” என்று அவரே சொன்னார். “எடம் சும்மா கெடந்தா ஒருநாள் காலைல எவனாவது கொட்டாய் போட்டுகினு ஒக்காந்துருப்பான். இல்லன்னா ஊரு குப்பையெல்லாம் இங்க வந்துடும். ஆள் நடமாட்டம் கீதுன்னு தெரிஞ்சா போதும். நீங்க வெண்டக்கா நடுவீங்களோ வெங்காயம் நடுவீங்களோ, எனக்கு வாட்ச்மேன் செலவு மிச்சம்.”

எங்களை வாட்ச்மேன் என்று அவர் நினைத்ததில் எனக்கு வருத்தமில்லை. வந்த வேலைக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

எந்தப் பாத்திக்கு உரம், எது வெறும் பாத்தி என்பதை நாமே தீர்மானிக்கக் கூடாது. நமக்குத் தெரியாமலே நல்ல மண்ணுள்ள பாத்திக்கு உரத்தைக் கொடுத்துவிடுவோம் என்பதால் சீட்டுப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அதற்குள் அந்த வீட்டம்மாவும் அவர்களுடைய ஒரே பெண்ணும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் சிரித்துக்கொண்டே சீட்டுகளை எடுத்துக் கொடுத்தாள். வெறும் பாத்திகளில் ஒன்று நிலத்தின் வடகிழக்கு மூலையில் விழுந்தது.

வீட்டம்மா முகம் சுருங்கியது. “அது ஈசானி மூல ஆச்சே டீச்சர். அங்க போய் ஒண்ணும் போடாம வுடுவியா? அத மட்டும் மாத்திக்கோ கண்ணு.”

“சீட்டுல வந்ததை மாத்தக் கூடாதுக்கா. மாத்தினா மொத்தமும் தப்பாயிடும்” என்றாள் என் மனைவி. “உங்க பொண்ணுதானே எடுத்துக் குடுத்தா?”

“அவ பரிச்சைக்கே சீட்டு எடுத்துப் பாத்துத்தான் எழுதறா. அவ எடுத்தது ஒரு கணக்கா?”

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பேச்சு அதோடு போயிற்று என்று நினைத்தோம்.

முதல் இரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுத அதிகமில்லை. ஏரிக்கரையில் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டு, மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி, கேம்ப் ரோடு நெரிசலில் அது கசியவிட்ட தண்ணீருக்காகப் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு மாடம்பாக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நனைந்த சட்டை வெயிலில் நாறியது. சேலையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கீழ்ப்போர்ஷன்காரர்கள் என் சட்டையை வாசலிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்வார்கள். 2005 கடைசியில் பெய்த பெருமழையில் பாத்திகளின் வரப்புகள் கரைந்தன. நல்ல வேளையாக அறுவடை முடிந்திருந்தது. வரப்புகளை மறுபடி கட்டினோம். பின்னிய பாய்களில் ஒன்று காணாமல் போய், வீட்டுக்காரரின் கடையில் சிமெண்ட் மூட்டைக்கு அடியில் கிடைத்தது.

“ஈரம் ஏறாம கீதே மேடம்! இத்த ஆராய்ச்சி பண்ணுங்க. வெண்டக்காய வுட்டுட்டு சிமெண்ட் கடைக்குப் பாய் சப்ளை பண்ணுங்க” என்றார் அவர், துளியும் கூச்சமில்லாமல். இன்னொரு முறை, “எங்கப்பாரு வண்டி வண்டியா எருவு கொட்னாரு. அவருக்கு ஒரு டாக்டர் பட்டமும் எவனும் குடுக்கல” என்றார்.

உரம் போட்ட எட்டுப் பாத்திகளும் முட்டளவு, இடுப்பளவு என்று எழுந்தன. வெறும் பாத்திச் செடிகள் வெளிறிப்போய், இலை சுருங்கி, காய்த்த ஒன்றிரண்டும் கோணலாக நின்றன. வீட்டம்மா அவற்றுக்குப் பட்டினிப் பாத்தி என்று பெயர் வைத்தார்.

“இன்னா டீச்சர் இது! பன்னெண்டு புள்ளயப் பெத்து எட்டுக்குச் சோறு போட்டுட்டு, நாலை வாசல்ல நிக்க வெச்ச மாரி கீது. பாக்கவே பேஜாரா கீது.”

“அது வாடினாத்தான் அக்கா எனக்கு வேலை.”

“நல்லா கீது ஒன் வேல.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னார். என் மனைவியும் ஒவ்வொரு ஞாயிறும் பதில் சொன்னாள். இரண்டு பேருக்கும் அது காப்பி மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் ஆண்டு, 2007, எல்லாவற்றுக்குமே உணவை நிறுத்தினோம். அந்த வருடம்தான் என் மனைவி ரொம்பவும் அயர்ந்து போயிருந்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு அந்தக் கல்வியாண்டோடு ஓய்வு. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை என்றால் வேறு வழிகாட்டியைத் தேடி, திரும்பப் பதிவு செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டும். நான்காவது பருவம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கல்லூரியில் விடைத்தாள் கட்டு, வீட்டில் என் அப்பாவின் கண் அறுவை, ஞாயிற்றுக்கிழமையில் வெண்டைச் செடியின் உயரம். அளவுகோலைச் செடியோரம் நிறுத்திவிட்டு எண்ணைச் சொல்ல மறந்து அப்படியே உட்கார்ந்திருப்பாள். நான் பென்சிலோடு காத்திருப்பேன்.

அதே ஆண்டுதான் வீட்டம்மாவின் பெண்ணுக்கு வரன் பார்த்தார்கள். பெண் படிப்பை முடித்திருந்தாள். இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. மூன்றாவதாக வந்த பையனுக்கு நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஆடியில் எதுவும் பேச மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் இதையெல்லாம் வீட்டம்மாவே சொன்னார். வாஸ்து பார்க்கிறவர் ஒருவரை வரவழைத்துக் காட்டியதையும், வீட்டில் குறை ஒன்றுமில்லை, ஈசானிய மூலை மட்டும் காய்ந்து கிடக்கிறது என்று அவர் சொன்னதையும் எங்களிடம் சொல்லவில்லை. அது பின்னால் தெரிந்தது.

ஆவணி முதல் வாரத்துக்குப் பிறகு வடகிழக்குப் பாத்தி பச்சை கட்டத் தொடங்கியது. அந்த மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஏதோ ஈரம் என்று நினைத்தோம். மற்ற மூன்று வெறும் பாத்திகளும் முந்தைய ஆண்டுகளைவிடச் சற்றுத் தேவலை போலிருந்தன. இடையில் மழை நன்றாகப் பெய்திருந்தது. என் குறிப்பிலும் அது இருக்கிறது. அதனால் இருக்கலாம் என்றாள் என் மனைவி. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது என்ற செய்தியும் அந்த வாரமே வந்தது.

அறுவடை முடிந்ததும் ஒவ்வொரு பாத்தியிலும் நாலைந்து இடத்தில் மண் தோண்டி, கலந்து, ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்து, பாத்தி எண்ணை மூலையில் எழுதி, நிழலில் உலர்த்தினோம். அடுத்த வாரம் அவள் சலித்துக்கொண்டிருந்தாள். நான் எறும்புப் பொடி தூவிக்கொண்டிருந்தேன்.

“என்னங்க, இங்க வாங்களேன். இது என்னன்னு பாருங்க.”

சல்லடையில் ஏதோ மின்னியது. “காக்காப்பொன்” என்றேன். எங்கள் பக்கத்து மண்ணில் அது சகஜம்.

அவள் அதை எடுத்து நகத்தால் அழுத்தினாள். ஏடாகப் பிரியவில்லை; வளைந்தது. மூக்கின் அருகே கொண்டுபோனாள். பிறகு சல்லடையை மெதுவாகக் குலுக்கினாள். இன்னும் மூன்று நான்கு. ஒரு சின்ன முள்.

“மீன் செதில்” என்றாள்.

அது வடகிழக்குப் பாத்தியின் மண். ஏற்கெனவே சலித்துவைத்த மற்றப் பைகளைத் திறந்து தேடினோம். சந்துப் பக்கம் இருந்த இன்னொரு வெறும் பாத்தியின் பையில் ஒரே ஒரு செதில் இருந்தது. மீதி இரண்டு வெறும் பாத்திகளின் மண்ணில் ஒன்றும் இல்லை. உரப் பாத்திகளிலும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பூனை ஞாபகம் வந்தது. கீழே போய் டைரியை எடுத்து வந்து காட்டினேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மீன் கழிவு சும்மா இல்லை. குடலும் தலையும் செதிலுமாகப் புதைத்தால் அது நல்ல உரம். எந்த விவசாயக் குடும்பத்துக்கும் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எட்டுப் பாத்திகளும் பட்டினி கிடந்த பருவத்தில், வெறும் பாத்தி சாப்பிட்டிருக்கிறது.

வழிகாட்டியிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டதாகச் சொன்னாள்.

“எத்தனை பாத்திம்மா?”

“தெரியல சார். ஒண்ணு நிச்சயம்.”

“ஒண்ணுன்னா அதை விட்டுப்போன பாத்தின்னு வெச்சு, மத்ததுலேர்ந்து கணக்குப் போட்டுக்கலாம். அதுக்கு வழி இருக்கு. நாலும்னா இந்த சீசனே இல்லைன்னு வெச்சுக்கோ. போய்க் கேட்டுட்டு வா.”

அந்த ஞாயிறு போனோம். வீட்டம்மா எங்களைப் பார்த்ததும் உள்ளே ஓடி லட்டுத் தட்டோடு வந்தார். நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறித்துவிட்டார்கள். தையில் கல்யாணம்.

“எடுத்துக்கோ டீச்சர், நீயும் எடு சார். எல்லாம் அந்த மூல பச்சையானதுதான். ஒன் வெண்டக்கா ராசி.”

என் மனைவி லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். “அக்கா, அந்த மூலைக்கு மீன் கழிவு போட்டீங்களா?”

அவர் மறைக்கவே இல்லை. “ஆமா கண்ணு. மீன்காரம்மா கிட்ட சொல்லி வெச்சு வாங்கினேன். வாஸ்துகாரரு மூல காஞ்சி கெடக்குன்னாரு. ரெண்டு எடம் வேற தட்டிப்போச்சு. நீயோ மாத்த மாட்டேன்ட்ட. நான் பெத்தவ, சும்மா பாத்துகினு இருக்க முடியுமா? செடிக்கு நல்லதுதான செஞ்சேன்?”

“மூலைக்கு மட்டும்தானா? மத்த மூணு பட்டினிப் பாத்திக்கும்?”

“அதுக்கு இன்னாத்துக்குப் போடப் போறேன்? மூலைக்கு மட்டுந்தான்.”

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையைத் தூக்காமல், “கொஞ்சமாவா வாங்கினா இவ? வாசல்ல ரெண்டு நாள் நாத்தம் தாங்கல. ஒரு பாத்தி தின்ற அளவா அது? மிச்சத்த எங்க போட்ட?” என்றார்.

“நீ கம்முனு கெட. மிச்சத்தத் தென்னைக்குப் போட்டேன்.”

“எந்தத் தென்னைக்குடி? இருந்த ஒரே தென்னையப் போன வருசம்தான வெட்டினோம்?”

“பக்கத்து வூட்டுத் தென்னைக்கு. உனக்கு எல்லாத்தையும் சொல்லிகினுதான் செய்வாங்களா?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார். அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று என்னால் ஊகிக்க முடியவில்லை. என் மனைவி மறுபடி ஒருமுறை கேட்டாள். இந்த முறை வீட்டம்மாவின் குரல் மாறியது.

“எதுக்கு டீச்சர் இப்டித் துருவித் துருவிக் கேக்கற? கல்யாண வூடு. போட்டது தப்புன்னா சொல்லிட்டுப் போ.”

“தப்புன்னு சொல்லலக்கா. தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

“மூலைக்குத்தான். போதுமா?”

மீன்காரம்மா கடற்கரைக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். அவரைக் கோயில் பக்கத்துத் தெருவில் பிடித்தோம். கூடையை இறக்காமலே பேசினார். “கேட்டாங்க, குடுத்தேன். கொடலு, தல, செதிலு. ஒரு வாட்டியா ரெண்டு வாட்டியா, நான் இன்னாத்தக் கண்டேன்? அவங்க பாத்தில போட்டாங்களோ பாயசத்துல போட்டாங்களோ. மீன் வேணுமா, வேணாவா? வெயில் ஏறுது.” அரைக் கிலோ சங்கரா வாங்கிக்கொண்டு வந்தோம். அன்று வீட்டில் யாருக்கும் அதைச் சமைக்க மனமில்லை. நான்தான் வறுத்தேன்.

சந்துப் பக்கத்துப் பாத்தியில் கிடைத்த அந்த ஒரு செதிலைப் பூனை கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். காக்கையும் போட்டிருக்கலாம். மற்ற இரண்டு பாத்திகளில் கிடைக்கவில்லை என்பதாலேயே அங்கே போடவில்லை என்றும் ஆகாது. ஒரு பாத்தியில் நாங்கள் அள்ளியது நாலைந்து கை மண்தான். மூன்று பாத்திகளும் தேவலையாக இருந்ததற்கு மழை காரணமா, மீன் காரணமா என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

வழிகாட்டி கேட்டார்: “அந்தம்மா என்ன சொல்றாங்க?”

“மூலைக்கு மட்டும்தான்னு சொல்றாங்க சார்.”

“அப்புறம் என்னம்மா? போட்டவங்களே சொல்றாங்க. அப்படியே எழுதிடு. நான் ஏப்ரல்ல போயிடுவேன்.”

அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதையே சொன்னேன். சேலையூர் பஸ் நிறுத்தத்தில் மாடம்பாக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். மேற்கொண்டு மண் எடுக்கக் கடப்பாரையைக்கூடச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தோம். “ஒரு பாத்தின்னு எழுதிட்டா உன் மூணு வருஷமும் நிக்குமே” என்றேன்.

“நிக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் எவனாவது அதைப் படிச்சுட்டு, ரெண்டு வருஷம் போட்டா போதும், மூணாவது வருஷம் வேண்டாம்னு அவன் நிலத்துல நிறுத்திடுவான்.” பஸ் வந்தது. நிற்காமல் போயிற்று. “இல்ல, அந்த மூணும் மீன் தின்னிருந்தா, உரத்தால மண்ணே மாறலைன்னு தப்பாப் படிப்பாங்களோ என்னவோ. எதுன்னே எனக்குத் தெரியல. எனக்குக் கால் வலிக்குது. வீட்டுக்குப் போலாம் வாங்க.”

கடப்பாரையோடு திரும்பி நடந்தோம்.

அவள் மூன்றாம் பருவத்தை மொத்தமாக எடுத்துவிட்டாள். ஆய்வேட்டில் இரண்டு பருவங்கள் மட்டும் இருக்கின்றன. உரம் போட்ட ஆண்டில் செடி நன்றாக வந்தது என்கிறது அது. யாரும் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை என்று அவளே சொன்ன முடிவு. பிற்சேர்க்கையில் ஒரு பத்தி: மூன்றாம் பருவத்தில் வெறும் பாத்திகளில் ஒன்றோ அதற்கு மேலோ வெளியிலிருந்து உரம் பெற்றன, எனவே அந்தப் பருவம் கணக்கில் சேர்க்கப்படவில்லை. வழிகாட்டி அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டு, கையெழுத்துப் போட்டார். 2008இல் கொடுத்தாள். அடுத்த ஆண்டு பட்டம் வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர், இரண்டு பருவம் போதுமானதாக இல்லையே என்று கேட்டார். ஆமாம் சார், போதாது என்று சொன்னாள். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை.

தையில் நடந்த கல்யாணத்துக்குப் போனோம். வீட்டம்மா என் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் நிறுத்தினார். “இந்த டீச்சர்தான் எங்க மூலைல வெண்ட வெச்சவங்க.” அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெண் பார்க்க வந்த அன்று சந்துப் பாதையைத் தோண்டிப் போட்டிருந்ததால் கடைப் பக்கமாகவே வீட்டுக்குள் வந்ததாகவும், பின்னால் தோட்டம் இருப்பதே தெரியாது என்றும் சொன்னார்.

“நீங்க பாத்தா இன்னா, பாக்காட்டி இன்னா?” என்றார் வீட்டம்மா. “மூல பச்சையா இருந்திச்சா இல்லியா? அதான் கணக்கு.”

என் மனைவி சிரித்தாள். சிரிப்பில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது. வெண்டைக்காய் மோர்க்குழம்பு போட்டிருந்தார்கள். அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பாத்திகளை நாங்கள் அந்த ஆண்டே விட்டுவிட்டோம். வரப்பைக் கலைத்துச் சமன் செய்து கொடுத்தோம். 2009 கடைசியில் அங்கே அடுக்கு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள். வீட்டுக்காரரின் கடையிலிருந்தே மணல் போயிற்று. வழியில் ஒருநாள் நின்று பார்த்தேன். மேல் மண்ணை ஒரு பக்கமாக ஒதுக்கிக் குவித்திருந்தார்கள். அது மற்ற மண்ணைவிடக் கறுப்பாக இருந்ததாக எனக்குப் பட்டது. இதை நான் டைரியில் எழுதவில்லை. எழுதும் அளவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

அன்று வீட்டம்மா வாசலில் பேரக்குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு, கடைசித் தடவையாகக் கேட்டேன். கோபம் வராமல் இருக்கச் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

“இன்னும் அத்த வுடலியா சார் நீ?” என்றார். குழந்தையை மடியில் மாற்றிப் படுக்கவைத்தார். “மூலைக்குப் போட்டேன். அது தெரியும். பக்கத்துல அந்த மூணுக்கும்... கை கழுவிகினு வந்தப்ப அதுங்க நிக்கறதப் பாத்தா பாவமா இருந்திச்சு. போட்டனா, போடணும்னு நெனச்சிகினு வுட்டுட்டனா, இப்ப சொல்லத் தெரியல.”

வீட்டுக்கு வந்து இதை என் மனைவியிடம் சொன்னேன். விடைத்தாள் கட்டிலிருந்து நிமிராமல் “சரி” என்றாள்.

வடகிழக்குப் பாத்தி ஒன்றுக்கு மீன் கழிவு போட்டது உறுதி. மற்ற மூன்று வெறும் பாத்திகளுக்கும் போட்டாரா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.